அகல்யா அனுமதி கேட்கிறார்

அத்தியாயம் 11

கம்பெனியில் பாய்லர் பழுதாகிப் போனதால், அந்த வெள்ளிக்கிழமை ஹேமாவதிக்கு மூன்று மணிக்கே கேட் திறந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் உள்ளே நுழையும்போதே போனை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். செக்யூரிட்டி வேலுசாமி ஒரு தகர டோக்கன் தருவார். ஓவர்டைம் முடிந்து ஏழரைக்கு வரும்போது டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பெட்டிக்குள் நூற்றிருபது போன்கள் அடைத்துவைத்த குருவிகள் மாதிரி முனகிக்கொண்டே கிடக்கும். முதல் ஒரு வாரம்தான் அந்தச் சத்தம் காதில் விழும். அப்புறம் யாருக்கும் கேட்காது.

"இன்னாம்மா, இன்னிக்கு சூரியனைப் பாத்துட்டுப் போறியா?" என்று சிரித்தார் வேலுசாமி.

"பாத்து நாலு மாசம் ஆச்சுண்ணே. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம்தானே, எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அதே வார்த்தை திரும்ப வந்து உறுத்தியது. நாலு மாசமாக மகளையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

ஜூலையில் அந்த வீட்டில் நடந்த கலவரத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் அகல்யா இயற்பியலில் முப்பத்தொன்று வாங்கினாள். அவள் அப்பா திருமுருகன் போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுப் பூட்டினார். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமாதானமாக ஒரு செயலி வந்தது. மகளின் போன் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்கு மூட வேண்டும், யாரிடமெல்லாம் பேசலாம் என்பதை அம்மாவின் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். மற்றபடி எது வேண்டுமானாலும் மகள் காரணம் எழுதி அனுமதி கேட்க வேண்டும்.

திருமழிசையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் திருமுருகன்தான் அதைப் போட்டுக் கொடுத்தார். பின் நம்பரை அவரே வைத்துக்கொண்டார். "உனக்குச் சொன்னா, அவ ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டதும் மாத்திக் குடுத்துடுவ" என்று சொல்லி, ஹேமாவதியின் கைரேகையை மட்டும் பதிந்து கொடுத்தார்.

பேசலாம் என்ற பட்டியலில் ஐந்து எண்கள். ஆறாவதாக ஜெபாவின் பெயர் வந்தபோது ஹேமாவதியின் விரல் ஒரு நொடி நின்றது. கீழ்வீட்டு ஜெபா. ஒன்றாம் வகுப்பிலிருந்து அகல்யாவோடு படித்தவள். மே மாதம்தான், வாடகை கட்டுப்படியாகாமல், அவள் குடும்பம் வேப்பம்பட்டுக்கு வீடு மாறியிருந்தது. அதிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் போனில் பேச்சு.

கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் திறந்துவிடலாம் என்று நினைத்து ஜெபாவின் பெயரைக் கடந்துபோனாள். காலாண்டு முடிந்து அரையாண்டே வரப்போகிறது.

அன்றைக்கு மகளிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "தினம் வந்து உன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல அகல். போனைப் பத்தி வாயால ஒண்ணும் கேக்காத. எதுன்னாலும் அதுலயே கேளு. பாத்துச் சொல்றேன்."

அகல்யா அதற்குப் பிறகு வாயால் எதுவுமே கேட்கவில்லை. போனைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும். சண்டை நின்றுபோனதே என்று ஹேமாவதி கம்பெனியில் செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். நாலு பேர் அவளிடம் கேட்டு அதே செயலியைத் தங்கள் வீட்டிலும் போட்டுக்கொண்டார்கள்.

*

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மணி நாலு இருபத்திரண்டு.

*அகல்யா அனுமதி கேட்கிறார்.*

ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற மகளுக்கு 'கேட்கிறார்' என்று மரியாதை போடுகிறது போன். இப்படி ஒன்று வந்து அவள் பார்த்ததே இல்லை. கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

*எண்: ஜெபா. காரணம்: ஜெபா இன்னைக்கு ஊரை விட்டே போறாளாம். ஷாகிதா சொன்னா. நம்ம ஸ்டேஷன் வழியாதான் போவா. எந்த ட்ரெயின்னு மட்டும் கேக்கணும். ஒரே நிமிஷம்.*

அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். 'அனுமதி', 'மறு'. பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. *59 நிமிடத்தில் காலாவதியாகும்.*

சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

காலாவதியா?

செயலியின் மூலையில் மூன்று கோடுகள் இருந்தன. நாலு மாதத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது தொட்டாள். 'பழைய கோரிக்கைகள்' என்று ஒரு பக்கம் திறந்தது. நாற்பத்து மூன்று.

*ஜூலை 19, 4.40. புது ஸ்கூல் எப்படி இருக்குன்னு கேக்கணும். காலாவதியானது.*

*ஜூலை 26, 4.35. ஜெபாவுக்கு பர்த்டே. ரெண்டு நிமிஷம் போதும். காலாவதியானது.*

*செப்டம்பர் 3, 4.31. ஜஸ்டின் அங்கிளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சாம். எங்க கிளாஸ் ஷாகிதா சொன்னா. ப்ளீஸ்மா. காலாவதியானது.*

*செப்டம்பர் 3, 5.45. ஜெபா ஆஸ்பத்திரில தனியா இருக்காளாம். காலாவதியானது.*

*செப்டம்பர் 4, 4.30. ப்ளீஸ். காலாவதியானது.*

*செப்டம்பர் 5, 4.30.* காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

"யக்கோவ்! போனையே மொறச்சுகினு நிக்கிற. தக்காளி வோணுமா வோணாவா? பின்னாடி ஆளுங்க நிக்குதுல்ல?" என்று கடைக்காரப் பெண் சத்தம் போட்டாள்.

ஹேமாவதிக்குக் காதில் விழவில்லை. அவள் ஜஸ்டினை நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெபாவின் அப்பா. ஆட்டோ ஓட்டுகிறவர். ஒன்பது வருஷம் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டவர். வெள்ளம் வந்த வருஷம், ஆட்டோவைப் பாதி வழியில் விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தோளுக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கி வந்தார். ஹேமாவதி கையெடுத்துக் கும்பிட்டபோது, "இன்னாக்கா நீ, நம்ம ஊட்டுப் பாப்பாக்கா இது" என்று கோபப்பட்டார்.

அந்த மனிதருக்குக் கை கால் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. தகவல் இத்தனை நாளும் தன் போனிலேயே இருந்திருக்கிறது.

'அனுமதி' என்பதை அழுத்தினாள். கைரேகை கேட்டது. விரலை வைத்தாள். *மீண்டும் முயலவும்.* பதினோரு வருஷமாகத் துணியைத் தடவித் தடவிப் பிசிறு தேடிய விரல். ரேஷன் கடையிலேயே பாதி நாள் பதியாது. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். *மீண்டும் முயலவும்.* பின் நம்பர் கேட்கத் திருமுருகனுக்குப் போன் அடித்தாள். பட்டறை இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

பட்டியலில் இன்னொன்று கண்ணில் பட்டது. அதில் யாருடைய எண்ணும் இல்லை.

*ஆகஸ்ட் 12, 5.10. காரணம்: அம்மா சீக்கிரம் வா. காலாவதியானது.*

ஹேமாவதி தக்காளிக் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"நல்ல கிராக்கிடா சாமி!" என்ற குரல் பின்னால் கேட்டது.

*

அகல்யா பள்ளிச் சீருடையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். பக்கத்தில் பூப்போட்ட காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அம்மாவைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி அம்மாவை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

ஹேமாவதிக்கு மூச்சு வாங்கியது. தன் போனை நீட்டினாள். "ஜெபா நம்பரைப் போடு. இதுல பேசு."

அகல்யா போனை வாங்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் ஏம்மா?"

"பேசுடி முதல்ல."

"நாப்பத்திநாலு தடவை கேட்டேன். ஒரு தடவைகூட 'மறு'ன்னு வரல. வந்திருந்தா விட்டிருப்பேன்." குரலில் கோபமே இல்லை. வீட்டுக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "நீ பாத்துட்டு, வேணும்னே பதில் சொல்லாம விடுறேன்னு நெனச்சேன்."

"பாக்கவே இல்ல அகல். சத்தியமா பாக்கல. போன் பெட்டிக்குள்ள கெடக்கும். அது ஒரு மணி நேரத்துல தானா போயிடுமாம். எனக்கு இப்பதான் தெரியும்."

அகல்யா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்டி, ராத்திரி வந்தப்புறம் ஒரு தடவை வாயைத் தெறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஹேமாவதிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீதானம்மா வாயால கேக்காதன்ன."

வெளியே ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள். அகல்யா போனைப் பிடுங்கி, மனப்பாடமாக இருந்த பத்து எண்களையும் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தது ஜெபாவின் அம்மா ஆக்னஸ்.

"எக்கா! ஹேமாக்காவா? சாயங்காலம் அடிச்சிருக்கிய, வேலைக்குப் போகலியா?" பின்னால் ரயிலின் தடதடப்பு. "நாங்க கெளம்பிட்டோம்க்கா. நாகர்கோயிலுக்கு, எங்கண்ணன் வீட்டுக்கே போறோம். இவுகளுக்கு அங்கதான் வைத்தியம் பாக்கணும். ஆறு மணிக்கு எழும்பூர்ல வண்டி. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு இவுக ஒரே பிடிவாதம். நீங்களும் வேலைக்குப் போற ஆளு, எதுக்குத் தொந்தரவுன்னு நான்தான்..."

"ஆக்னஸ், எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றாள் ஹேமாவதி.

அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"ஜெபா" என்றாள் அகல்யா.

"உங்கம்மா அலவ் பண்ணிட்டாங்களா?"

ஹேமாவதி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கடி இருக்க?" என்றாள் அகல்யா.

"பட்டாபிராம் தாண்டியாச்சு. முன்னாடியிருந்து மூணாவது பெட்டி. கதவுகிட்ட நிக்கிறேன்."

"ஸ்லோவா, ஃபாஸ்ட்டா?"

"தெரியலடி. அப்பாவை நாலு பேரு சேர்ந்து தூக்கி, எது வந்துச்சோ அந்த வண்டில ஏத்தினாங்க. நீ வா. ஸ்லோவா இருந்தா நிக்கும்ல? அரை நிமிஷம் நிக்கும்ல?"

அகல்யா அம்மாவின் போனை அவளிடமே திணித்துவிட்டு, தன் போனைப் பையில் போட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினாள். ஹேமாவதி இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

*

பிளாட்பாரத்தில் கல்லூரிப் பையன்களும் கீரைக்கட்டோடு இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். மழை வரப்போகிற வானம். தூரத்தில் அன்னனூர்ப் பக்கம் விளக்கு ஒன்று புள்ளியாகத் தெரிந்தது.

அகல்யா முன்பெட்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினாள். மூன்றாவது பெட்டி எங்கே வரும் என்று குத்துமதிப்பாக ஒரு கம்பத்தருகே நின்றாள். பொட்டலத்தை வலது கைக்கு மாற்றினாள். அரை நிமிஷத்தில் கொடுக்க வேண்டும் அல்லவா?

அப்போது ஒலிபெருக்கி பேசியது. வருகிற வண்டி இங்கே நிற்காது, பயணிகள் தள்ளி நிற்கவும்.

புள்ளியாக இருந்த விளக்கு வளைந்து எதிர்ப்பக்கத் தண்டவாளத்துக்கு மாறியது.

"அகல்..." என்று கத்தினாள் ஹேமாவதி.

வண்டி வந்தது. வேகம் குறையவே இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கு அப்பால், மூன்றாவது பெட்டியின் கதவில் கம்பியைப் பிடித்தபடி ஜெபா நின்றாள். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை. அகல்யா பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியோடு சேர்ந்து ஓடினாள்.

ஜெபாவுக்கு அடுத்த ஜன்னலில் ஒரு முகம் சாய்ந்திருந்தது. ஹேமாவதிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி முகம் தூங்குகிற மாதிரி தொய்ந்து கிடந்தது. மற்றப் பாதி ஜஸ்டின். அவருடைய ஒரு கை மெதுவாக ஜன்னல் கம்பிவரை உயர்ந்தது. எப்போதும் ஆட்டோவைத் திருப்பும்போது தெருமுனையில் காட்டுவாரே, அதே கை, அதே மாதிரி.

ஹேமாவதி கையைத் தூக்கினாள். தூக்கி முடிப்பதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. இரண்டு ஜோடிச் செருப்பு அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீரைக்காரப் பெண்களில் ஒருத்தி, "எறங்க வேண்டியவங்க எறங்காம போய்ட்டாங்களாம்மா?" என்று விசாரித்தாள்.

"இல்லம்மா" என்றாள் ஹேமாவதி. "நாங்கதான் லேட்டு."

*

அகல்யா பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தின் காகிதம் வியர்வையில் ஒரு மூலை கிழிந்திருந்தது. ஹேமாவதி குனிந்து செருப்பை அவள் காலருகே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழும்பூருக்கே போயிடலாமா?"

"அடுத்த ஸ்லோ அஞ்சே காலுக்கும்மா. அதுல சென்ட்ரல் போயி எழும்பூர் சேர்றதுக்குள்ள அவங்க வண்டி எடுத்துடும்."

"போன் போடட்டுமா?"

"அப்புறம் பேசிக்கிறேன். பாக்கணும்னுதான் இருந்துச்சு."

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த நாலு மாதத்தில் அழுவதற்கும் அனுமதி கேட்டு, பதில் வராமல் விட்டுவிட்டாளோ என்று ஹேமாவதிக்குத் தோன்றியது.

"அப்பா வந்ததும் அதை எடுத்துடச் சொல்றேன் அகல். இன்னைக்கே."

அகல்யா தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று புரியவில்லை.

ஹேமாவதிக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் பன்னிரண்டு. அன்றைக்கு எட்டரைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "உலைகூட வைக்காம என்னடி படுக்கை? மகாராணிக்கு உடம்பு வளையலியோ?" என்று கத்திவிட்டு, தானே அரிசியைக் களைந்து போட்டாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மறந்தும் போனாள்.

"ஆகஸ்ட்டுல ஒரு நாள், சீக்கிரம் வான்னு போட்டிருந்த. அன்னைக்கு என்ன ஆச்சு?"

அகல்யாவின் கை பொட்டலத்தின் மேல் அசையாமல் நின்றது. எதிரே தண்டவாளத்தில் ஒரு காக்கா எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அது பறந்துபோனது. அகல்யா சுடிதார்ப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். ஏதோ எழுதினாள்.

ஹேமாவதியின் போன் மடியில் அதிர்ந்தது.

*அகல்யா அனுமதி கேட்கிறார். காரணம்: வாயால சொல்லலாமா?*

பக்கத்தில் சின்னக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. *59 நிமிடம்.*

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஹேமாவதி 'அனுமதி'யை அழுத்தி விரலை வைத்தாள். *மீண்டும் முயலவும்.* வேறு விரலை வைத்தாள். *மீண்டும் முயலவும்.*

அகல்யா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். துப்பட்டா நுனியால் அம்மாவின் ஆள்காட்டி விரலை அழுந்தத் துடைத்தாள். சின்னக் குழந்தைக்கு மை துடைத்துவிடுகிற மாதிரி, நகக்கண்வரை. அப்புறம் அவளே அதைப் போனின் மேல் வைத்து, தன் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*அனுமதிக்கப்பட்டது.*

"சொல்லு அகல்."

அஞ்சே கால் வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷமும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வண்டி கிளம்பி, இரைச்சல் அடங்கியது. அம்மாவின் விரல் இன்னும் மகளின் கைக்குள்ளேயே இருந்தது.

"சொல்றேன்" என்றாள் அகல்யா. "ஆனா முதல்ல ஒண்ணு சொல்லு. அப்பாகிட்ட சொல்ல மாட்டல்ல?"

ஹேமாவதி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.